பெனுவேலி மாமா ருசி பார்த்த தண்ணீர்

கிம்போரி,
மேரு மலைச்சரிவு.

அன்பு மகள் நம்சிஃபுவுக்கு அப்பா சிஃபாயேலி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாட்டுக் கொட்டகையில் இருக்கிற இரண்டு பசுக்களும், போன மாதம் ஈன்ற கன்றுக்குட்டியும் ஆண்டவர் கிருபையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மலை ஏறும்போது முணுமுணுக்கிறது, இறங்கும்போது சும்மா இருக்கிறது. அங்கே பெர்கனில் நீயும் மருமகனும் என் செல்லப் பேத்தி அமானியும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனா மூடியைத் திறக்கிறேன். போனில் சொல்லலாமே அப்பா, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்வதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், பிறகு அமானி என்ன சாப்பிட்டாள், எத்தனை ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. தவிர இப்போது நான் சொல்லப்போகிற விஷயத்தை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் ருசிக்கும், அதனால் ஒரு டம்ளர் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

போன பெருமழைக் காலத்தில் நீ ஒரு நாள் போனில் சொன்னது நினைவிருக்கும். படிப்பு முடிகிறது, ஆஸ்பத்திரி வேலைக்கு ஊர்ப்பக்கமே வந்துவிடலாம் என்று இருக்கிறோம் என்று ஆரம்பித்தாய், உன் அம்மா அடுப்படியில் நின்றபடியே கையைத் தட்டினாள். அடுத்ததாக நீ, "ஆனா நாங்க மோஷியில வீடு எடுத்துக்கறோம்மா. அமானிக்குப் பெரிய பல்லு முளைச்சு முடியற வரைக்கும் நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணிய அவளுக்குக் கொடுக்கமாட்டேன்" என்று சொன்னாய். உன் அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை, பசுவோடுதான் பேசினாள். நான் உன்மேல் குற்றம் சொல்லவில்லை மகளே. நம் ஊர்த் தண்ணீர் சின்ன வயதில் பல்லில் ஏற்றுகிற பழுப்பு சாகும்வரை இறங்காது என்று எனக்குத் தெரியாதா. அங்கே பல் வைத்தியர் உன்னிடம் நீ எத்தனை வருடமாகச் சுருட்டுப் பிடிக்கிறாய் என்று கேட்டதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், ஆனால் நீ அனுப்புகிற படங்களில் மருமகன் பல் தெரியச் சிரிக்க நீ மட்டும் உதட்டைப் பூட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்க்கத்தான் செய்கிறேன். காய்ச்சினாலும் போகாது, துணியில் வடிகட்டினாலும் போகாது. பழுப்பை எடுக்கும் என்று எலும்புக்கரி வடிகட்டி ஒன்றை ஊர் நர்ஸம்மா கொண்டுவந்து வைத்தபோது, "செத்த மாட்டோட எலும்பு வழியா வந்த தண்ணியில டீ போட்டுட்டு, நாளைக்குக் காலையில பால் கறக்க என் பசு மூஞ்சியில எப்படி முழிப்பேன்" என்று உன் அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். ஆக, தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்பதை மாற்றினால் ஒழிய வேறு வழி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், மாற்றத்தான் ஆள் இல்லை.

இவ்வளவு கெட்ட தண்ணீரை எங்கள் ஆட்கள் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று மருமகன் கேட்டால் இதைச் சொல். பஸ் ஓட்டின காலத்தில் இந்த நாட்டில் நான் வாய் வைக்காத குழாய் இல்லை. டார் எஸ் ஸலாமில் தண்ணீர் வாயில் படும்போதே உப்பு, அதன்மேல் மருந்து வாடை வேறு. டொடோமாவில் டீக்கு மேல் ஆடை கட்டும், அது பால் ஆடை இல்லை, தண்ணீரின் ஆடை, அங்கே சோப்புப் போட்டால் நுரைக்கே மனசு வராது. ம்வான்ஸாவில் ஏரியை அப்படியே குழாயில் விட்டது மாதிரி பாசி வாடை. மோஷியில் குடித்தால் நெற்றி வரை குளிரும், அவ்வளவு இனிப்பு. இத்தனையும் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து நம் குழாயைத் திறந்தால் லேசாக வழவழப்பு, லேசாகக் காரம், கையில் போட்ட சோப்பு கையை விட்டுப் போகவே போகாது. ஆனால் பயறு போட்டால் பஞ்சாக வெந்துவிடும், மக்காண்டே கிளறும்போது சோளமும் பயறும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அந்த ருசியில் வளர்ந்த நாக்குக்கு மற்றது எல்லாம் சப்பென்று இருக்கும். நீயே சொன்னாயே, பெர்கன் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வந்து கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனால் டீ போட்டால் டீ எங்கேயோ தூரத்தில் நிற்கிறது என்று. அந்த நாக்குதான் நம் எல்லோருக்கும், உன் பெனுவேலி மாமாவுக்கு அதில் இரண்டு மடங்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேலே காட்டுக்குள் ஒரு ஊற்று இருக்கிறது, அருஷாவிலிருந்து வந்த பரிசோதனை ஆட்கள் அந்தத் தண்ணீரைக் குப்பியில் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து இது குழந்தைகளுக்கு நல்லது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குழாய் வந்து இறங்கிவிட்டது, நம் தண்ணீர்க் கமிட்டிக்கு இப்போது தலைவி யார் தெரியுமா, சந்தையில் வாழைக்குலை விற்கிற டோர்காசி, உன்னைவிட இரண்டு வகுப்பு மேலே படித்தவள், வாய் அப்போதே நீளம். காட்டிலிருந்து ஊருக்குள் குழாய் இறங்க நேரான வழி ஒன்றுதான், அது உன் பெனுவேலி மாமாவின் காப்பித் தோட்டத்துக்கு நடுவாக. கமிட்டி ஆட்கள் ஒரு நாள் போய் அளந்து சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளை வரிசையாக நட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அன்றைக்கு மாமா மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் தன் காப்பிச் செடிகளுக்கு நடுவே சிவப்புத் துணி ஆடுகிறது. அத்தனையையும் பிடுங்கிக் கட்டாகக் கட்டி டோர்காசியின் கடை முன்னால் போட்டுவிட்டு, "விறகு கொண்டுவந்திருக்கேன், டீ போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதோடு முடிந்திருக்கும், போய் மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரியாகியிருக்கும், ஆனால் ஊர்க் கூட்டத்தில் வைத்து மறுபடி கிளறினார்கள். மாமா எழுந்து நின்று, "நம்ம தண்ணியில என்ன குறை கண்டுட்டீங்க? எங்க அப்பன் இதைத்தான் குடிச்சான், தொண்ணூறு வயசு இருந்தான்" என்றார். டோர்காசி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இருந்தாரு பெரியவரே, தொண்ணூறு வயசும் வாயைத் திறக்காமலே இருந்தாரு" என்றாள். கூட்டமே சிரித்துவிட்டது, நானும் சிரித்துவிட்டேன், மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் என் செருப்பை ஆராய ஆரம்பித்தேன். அவர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு நடந்து போய்விட்டார். அதற்குப் பிறகு போதகர் போனார், வார்டு அதிகாரி போனார், இருவரையும் உட்காரவைத்து, நல்ல பால் டீ கொடுத்து, மழையைப் பற்றியும் மாட்டு விலையைப் பற்றியும் பேசி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். குழாய் என்ற சொல்லை எடுத்தாலே காது கேட்காதவர் ஆகிவிட்டார்.

உன் அம்மாவின் நிலைமையை நினைத்துப் பார். ஒரு பக்கம் கூடப்பிறந்த அண்ணன், இன்னொரு பக்கம் ஊர், நடுவில் நீ போனில் சொன்ன வார்த்தை. சந்தையில் பெண்கள் அவளைப் பார்த்து, "உங்க அண்ணன் தோட்டத்துல காப்பி நல்லா வந்திருக்காமே, எங்க பிள்ளைங்க பல்லும் அதே கலருல வருது" என்று ஜாடை பேசினார்கள். நான், "நீ போய் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்று சொன்னேன். "உங்க மச்சான்தானே, நீங்க போய்க் கேளுங்க, பல்லைக் காட்டிச் சிரிச்சீங்களே" என்று வெட்டிவிட்டாள். ஆனால் ஒரு ஞாயிறு மத்தியானம் சோளமும் புளித்த பாலும் சேர்ந்த லொஷோரோக் கஞ்சியைக் கலயத்தில் எடுத்துத் துணி போட்டு மூடிக்கொண்டு, எனக்குச் சொல்லாமல் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன கேட்டாய் என்றதற்கு, ஒன்றும் கேட்கவில்லை என்றாள். என்ன சொன்னாய் என்றதற்கு, "நம்சிஃபு வர்றா, மோஷியிலதான் இருக்கப்போறாளாம்னு சொன்னேன். அவ்வளவுதான்" என்றாள். அவர் என்ன சொன்னார் என்றால், லொஷோரோவில் புளிப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்று சொன்னாராம். அண்ணனும் தங்கையும் பேசுகிற விதத்தை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்த வாரமே டீக்கடையில் மாமா ஒரு காரியம் செய்தார். யாரோ மலைத் தண்ணீரின் பெருமையைப் பேசியிருக்கிறார்கள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மாட்டை ஓட்டிக்கிட்டு நான் போகாத சந்தை இல்ல, குடிக்காத தண்ணி இல்ல. என் கண்ணைக் கட்டிட்டு எந்த ஊர்த் தண்ணிய வேணா கொடுங்க. அதுல நம்ம தண்ணி எதுன்னு சொல்லிடுவேன். தப்பாச் சொன்னா அந்தக் குழியை என் கையாலயே வெட்டறேன். சரியாச் சொன்னா எவனும் என் தோட்டத்துப் பக்கம் அளவு நாடாவைத் தூக்கிட்டு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். செய்தி டோர்காசி காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும். அறுப்பின் பண்டிகை அன்று ஆராதனை முடிந்து ஏலம் நடக்கும்போது வைத்துக்கொள்ளலாம் என்று நாள் குறித்துவிட்டாள். போதகருக்கு முதலில் தயக்கம், பந்தயம் கோயில் வாசலில் வேண்டாம் என்றார். டோர்காசி, "கானா ஊர்க் கல்யாணத்துல கூட இயேசு ரசமாக்கின தண்ணிய ருசி பார்த்துத்தானேய்யா நல்லதுன்னு சொன்னாங்க" என்றதும் அவருக்கு மறுத்துச் சொல்ல வேதத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

தண்ணீர் சேகரிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. என்னோடு ஓட்டின ஷபானியை உனக்குத் தெரியுமே, நீ சின்னவளாக இருக்கும்போது உன்னை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து ஹாரன் அடிக்கவிடுவான், இன்னும் டார் வழியிலும் டொடோமா வழியிலும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான். அவனிடம் சொன்னதும் குழந்தை மாதிரி குதித்தான். போகிற ஊரில் எல்லாம் பஸ் நிலையக் குழாயில் பாட்டிலை நிரப்பி ஊர்ப் பெயரை மூடியில் எழுதிக்கொண்டான், தான் போகாத ம்வான்ஸாவுக்குச் சிநேகிதன் ஒருவனைப் பிடித்தான். வழியில் போலீஸ் சோதனை ஒன்றில் ஒரு போலீஸ்காரர் சீட்டுக்கடியில் இருந்த பாட்டில்களைப் பார்த்துவிட்டார். "என்னய்யா இது, சாராயமா?" என்றாராம். "டொடோமாத் தண்ணி ஐயா" என்றானாம் இவன். அவர் நம்பாமல் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்து, துப்பிவிட்டு, "ஆமா, டொடோமாதான். நான் அங்க மூணு வருசம் டியூட்டி பார்த்தேன். போ" என்று கையை ஆட்டிவிட்டாராம். இங்கே வந்து பாட்டில்களை இறக்கும்போது ஷபானி, "தங்கம் கடத்தினவன் இருக்கான், தந்தம் கடத்தினவன் இருக்கான், குழாய்த் தண்ணி கடத்தினவன் இந்த நாட்டுல நான் ஒருத்தன்தான் அண்ணே" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

பண்டிகை அன்று கோயில் முற்றம் கொள்ளவில்லை. கரும்புக் கட்டும் கோழியும் பூசணியும் ஏலம் போய்க்கொண்டிருக்க, யாருக்கும் அதில் மனசு இல்லை, ஒரு நல்ல சேவல் பாதி விலைக்குப் போனதில் ஷபானிக்கு லாபம். நடுவே மேசை போட்டு ஒரே மாதிரி டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். போதகரின் மனைவி தன் தோளில் கிடந்த கங்காத் துணியை எடுத்து மாமாவின் கண்ணைக் கட்டினாள். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உன் அம்மா மட்டும் கூட்டத்தின் ஓரத்தில் பூவரசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள், கிட்டே வரவில்லை. முதல் டம்ளரை வாயில் வைத்தார், கொப்பளித்தார், "டார். இதைக் குடிச்சா தாகம் தீராது, தாகத்துக்குத் துணை கிடைக்கும்" என்றார். கூட்டம் ஓ என்றது. இரண்டாவதை நாக்கு நுனியில் தொட்டதும், "இது டொடோமா. பல்லுல மண்ணு நறநறங்குது, இந்தத் தண்ணியில குளிச்சவன் குளிக்காதவன் மாதிரியே இருப்பான்" என்றார். மூன்றாவதை முகர்ந்துவிட்டுக் குடிக்காமலே, "மீன் குளிச்ச தண்ணி. ம்வான்ஸா" என்றார். நான்காவதைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார். "மோஷிக்காரன் தண்ணி. அவன் பேச்சு மாதிரியே இனிப்பா இருக்கும், தொண்டையைத் தாண்டினதும் உன்னை யாருன்னு கேட்கும்" என்றார். கூட்டத்தில் இருந்த மோஷி வியாபாரி ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐந்தாவது டம்ளர் உதட்டில் பட்டது. விழுங்கக்கூட இல்லை. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, "இது என் வீட்டுத் தண்ணி" என்றார். ஏலக்காரன் கையில் இருந்த கோழி மட்டும் கத்தியது. டோர்காசி தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூவரசுப் பக்கம் பார்த்தேன், உன் அம்மா வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். நீ மோஷியில் வீடு எடுத்து இருப்பதும், நாங்கள் அமானியைப் பார்க்க பஸ் ஏறிப் போவதும், பேத்தி நம் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்காமல் வளர்வதும் எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னால் வந்துபோயிற்று.

போதகர் கட்டை அவிழ்க்கப் போனார். மாமா கையால் தடுத்து, "மேசை மேல இன்னும் ஒண்ணு இருக்குமே" என்றார். இருந்தது, கடைசி டம்ளர், மேலே காட்டு ஊற்றிலிருந்து அன்று காலையில்தான் கொண்டுவந்தது. அதை வாங்கிக் குடித்தார். மறுபடி குடித்தார். டம்ளரைக் காலியாக்கினார். "இது எந்த ஊரு? இந்தத் தண்ணிய நான் குடிச்சதில்லையே" என்றார். டோர்காசி தரையில் உட்கார்ந்தபடியே, கோபத்தோடு, "உங்க காப்பித் தோட்டத்துக்கு மேல, காட்டுக்குள்ள. வெளிநாடு" என்றாள். அவர் தானே கண்கட்டை அவிழ்த்தார், மடித்து முழங்கால்மேல் வைத்தார், கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "பந்தயத்துல ஜெயிச்சது யாரு?" என்றார். போதகர், நீங்கள்தான் என்றார். "நீங்க சொல்ல வேண்டாம்யா. டோர்காசி சொல்லட்டும்" என்றார். அவள் எழுந்து, பாவாடையில் ஒட்டின புழுதியைத் தட்டிவிட்டு, "ஜெயிச்சது நீங்கதான் பெரியவரே" என்றாள். "கடைசியில நிக்கறவங்களுக்குக் கேட்கலையாம்" என்றார். அவள் கத்திச் சொன்னாள். அப்போது உன் மாமா எழுந்து நின்றார். "அப்பச் சரி. தோத்தவன் நிலத்தைக் கொடுத்தா அதுக்குப் பேரு தண்டனை. ஜெயிச்சவன் கொடுத்தா அதுக்குப் பேரு தானம். நாளைக்குக் காலையில வந்து தோண்டுங்க. முளைக்குச்சியை நான் காட்டற இடத்துல நடணும்" என்றார். அவ்வளவுதான், பெண்கள் போட்ட குலவைச் சத்தத்தில் ஏலக்காரன் கையில் இருந்த கோழி தப்பித்து ஓடிவிட்டது, இன்றுவரை அகப்படவில்லை. நான் என் முழங்காலை மறந்து சாலைக்கு ஓடி உன் அம்மாவை எட்டிப்பிடித்துச் சொன்னேன். அவள் நின்றாள், கேட்டாள், "ஊரே கெஞ்சணும்னு காத்திருந்தான். எனக்குத் தெரியும்" என்றாள். தெரிந்தால் ஏன் அழுதுகொண்டு போனாய் என்று நான் கேட்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் திருவிழாதான். காலையில் மண்வெட்டியோடு ஊரே வந்துவிட்டது, பாடகர் குழுப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே தோண்டினார்கள், பாட்டு வேகமானால் குழி வேகமானது. மாமா கைத்தடியோடு முன்னால் நடந்து வழி காட்டினார், ஒவ்வொரு காப்பிச் செடியையும் சுற்றிக்கொண்டு குழி பாம்பு மாதிரி வளைந்து போனது. இன்ஜினியர் பையன், "நேராப் போனா குழாய் மிச்சமாகும்" என்றதற்கு, "தண்ணி மலையில நேராவா தம்பி வருது?" என்று கேட்டார். கடைசியில் இரண்டு செடிதான் போயிற்று, அதையும் அவரே வெட்டி, அந்த விறகில் தோண்டினவர்களுக்கெல்லாம் சோளம் சுட்டுக் கொடுத்தார். தண்ணீர் திறந்த அன்று குழாய் முதலில் பூனை மாதிரி சீறியது, பிறகு சேற்றைக் கக்கியது, பிறகு தெளிந்து கொட்டியது. முதல் வாய் மாமாவுக்குத்தான் என்று டோர்காசியே இரண்டு கையாலும் டம்ளரைக் கொடுத்தாள். குடித்துவிட்டு, "ருசியே இல்ல. மரியாதை தெரிஞ்சவன்கூடப் பேசற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டு கேன் நிரப்பிக்கொண்டு போனார். பழைய குழாய்க்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, அது துணி துவைக்கவும் மாட்டுக்கும் என்று வைத்துவிட்டார்கள். மாமா சாயங்காலத்தில் அந்தப் பக்கம் உலாவப் போகிறார், கோட்டுப் பையில் ஒரு சின்னப் பாட்டில் இருக்கிறது என்று பேச்சு. அவருடைய பல்லுக்கு இனி அதனால் ஒரு கெடுதலும் இல்லை, ஆனால் எலும்புக்கு ஆகாது என்று அவருக்கு எடுத்துச் சொல்லும்படி நர்ஸம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில்தான் ஒரு போராட்டம். புதுத் தண்ணீரில் பயறு வேகவே மாட்டேன் என்கிறது. காலையில் அடுப்பில் ஏற்றிய மக்காண்டேயை மத்தியானத்துக்குக் கல்லு மாதிரி கடித்தோம். மகாடிக் கார உப்பு ஒரு சிட்டிகை போட்டால் உடனே வேகும், ஆனால் அதுவும் பல்லுக்கு அதே பழுப்பைத்தான் கொண்டுவரும் என்று நர்ஸம்மா கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மா அந்த உப்புப் பொட்டலத்தை எடுத்துத் தெருவில் கொட்டிவிட்டு, இப்போது முதல்நாளே பயறை ஊறப்போட்டுவிடுகிறாள். இதெல்லாம் யாருக்காக என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா. மோஷி வீட்டு யோசனையை மருமகனோடு இன்னொரு முறை பேசிப் பார். கட்டாயம் இல்லை, வேலை அங்கேதான் கிடைக்கும் என்றால் அங்கேயே இருங்கள், பஸ் ஏறி வருவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை, ஷபானி என்னை முன் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவருவான். ஆனால் தண்ணீருக்குப் பயந்து தள்ளியிருக்க வேண்டிய அவசியம் இனி இல்லை என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள். பரிசோதனைத் தாளைப் படம் எடுத்து டோர்காசி உனக்கு அனுப்புவாள், நீ படித்தவள், நீயே பார்த்து முடிவு செய். அமானியை வெறும் காலோடு நடக்கவிடாதே, அந்த ஊர்த் தரை ஐஸ் மாதிரி இருக்கும் என்கிறார்கள். குழாயைத் திறந்து ரொம்பக் குளிரும்வரை விட்டுத்தான் குடிப்பேன் என்று மருமகன் சொல்வாராமே, அவர் தொண்டை அவர் இஷ்டம், குழந்தைக்கு அப்படிக் கொடுக்க வேண்டாம். இங்கே வந்ததும் உன் அம்மா போடுகிற டீயைக் குடித்துவிட்டு முன்னைப்போல் இல்லை என்று சொல்லிவிடாதே, இப்போது அவளுடைய டீயும் கொஞ்சம் தூரத்தில்தான் நிற்கிறது, நாங்கள் எல்லோரும் பிரமாதம் என்றுதான் குடிக்கிறோம்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் போகிற வழியிலும் வருகிற வழியிலும் காக்கட்டும், உன் கை தொட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், மருமகனுக்கு எங்கள் ஆசீர்வாதம், அமானிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். ஒன்றே ஒன்று மறக்காமல் செய், இது உனக்கும் எனக்கும் மட்டும். தண்ணீர் திறந்த அன்று மாமா ருசியே இல்லை என்று சொன்னாரே, அப்போது உன் அம்மா கூட்டத்துக்கு நடுவில் நின்று சிரித்தாள். எங்கள் பல்லின் நிறம் இனி எந்தத் தண்ணீராலும் மாறாது, அது உனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் என் கல்யாண நாளிலிருந்து சிரிப்பு வந்தால் வாய்க்குப் போய்விடுகிற அவளுடைய கை அன்றைக்குப் போகவில்லை, இடுப்பிலேயே இருந்தது, வாய் முழுக்கத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள், எவ்வளவு அழகாக இருந்தாள் தெரியுமா. நான் பார்த்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கை மறுபடி மேலே போய்விடும். போனில் நீயும் மூச்சு விடாதே.

உன் வரவை வாசலில் நின்று பார்க்கிற அப்பா,
சிஃபாயேலி